மேடைத் தோழமையிலிருந்து வரலாற்றுத் திரைக்கு: ‘கரம் ஹவா’ படக்குழுவும் அதன் உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பிரிவினையின் பின்விளைவுகளை வட இந்திய முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வாழ்வின் வழியே சித்திரிக்கும் ‘கரம் ஹவா’ (1973) எம்.எஸ். சத்யூவின் முதல் முழுநீளப் படமாகும். வணிகத் திரையுலகின் நிறுவன ஆதரவின்றி, அரசு நிறுவனம் ஒன்று வழங்கிய சிறு கடனையும் நண்பர்களிடம் பெற்ற தொகையையும் கொண்டு இது எடுக்கப்பட்டது. இப்படம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கதைப்பொருளையே மையப்படுத்துகின்றன. இக்கட்டுரை அதனை உருவாக்கிய எழுத்தாளர்கள், நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் ஆகியோரின் கூட்டுழைப்பை விளக்குகிறது. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வழியே முன்னரே உருவாகியிருந்த தோழமையும், அக்கலைஞர்களில் சிலர் நேரடியாக அனுபவித்த இடப்பெயர்வும், பணத் தட்டுப்பாடு விளைவித்த செய்முறை முடிவுகளும் படத்தின் வரலாற்று நம்பகத்தன்மைக்கு அடிப்படையாயின என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கரம் ஹவா, இந்தியப் பிரிவினை, சுயாதீனத் திரைப்படம், இப்டா, எம்.எஸ். சத்யூ, பல்ராஜ் சாஹ்னி, கைஃபி ஆஸ்மி.

முன்னுரை

வரலாற்றுப் படம் என்றவுடன் அரண்மனைகளும் போர்க்களங்களும் ஆயிரக்கணக்கான துணை நடிகர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. அத்தகைய படங்களுக்குப் பெருமுதலீடு இன்றியமையாதது. ஆனால் அண்மைக்கால வரலாற்றை, அதிலும் மக்கள் பேசத் தயங்கும் வரலாற்றைத் திரைக்குக் கொண்டுவருவதற்குப் பணத்தைக் காட்டிலும் வேறு சில தேவைப்படுகின்றன. அந்த வரலாற்றை அறிந்த மனிதர்கள், அதனைச் சொல்வதில் உள்ள இடரை ஏற்கும் துணிவு, ஊதியத்தை முதன்மையாகக் கருதாத உழைப்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

1947 ஆம் ஆண்டுப் பிரிவினை நிகழ்ந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் இந்தித் திரையுலகம் அதனை நேர்முகமாகக் கையாள்வதைப் பெரிதும் தவிர்த்தே வந்தது. வங்க மொழியில் ரித்விக் கட்டக் இடம்பெயர்ந்தோரின் வாழ்வைத் தொடர்ந்து படமாக்கினார். இந்தியில் யஷ் சோப்ராவின் ‘தர்மபுத்ரா’ (1961) போன்ற சில முயற்சிகளே இருந்தன. அதிலும் இந்தியாவிலேயே தங்கிவிட முடிவுசெய்த முஸ்லிம்களின் நிலை ஏறத்தாழ பேசப்படாத பொருளாகவே இருந்தது. இந்நிலையில் ஆக்ரா நகரின் காலணி உற்பத்தியாளர் சலீம் மிர்சாவின் குடும்பத்தை மையமாகக் கொண்டு வெளிவந்த ‘கரம் ஹவா’ இந்தியத் திரை வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. ‘வெப்பக் காற்று’ என்பது அத்தலைப்பின் பொருள்.

கதைக்களமும் வரலாற்றுப் பின்புலமும்

காந்தியடிகள் 1948 ஜனவரி 30 அன்று கொல்லப்பட்டதை ஒட்டிய காலத்தில் கதை நிகழ்கிறது. உறவினர்களை ஒருவர் பின் ஒருவராக இரயிலேற்றி அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் ஊரைவிட்டுப் போக மறுக்கிறார் சலீம் மிர்சா. முஸ்லிம் லீக் தலைவரான அவருடைய அண்ணன் ஹலீம், எவரும் எங்கும் போகவேண்டியதில்லை என்று மேடையில் முழங்கிவிட்டுப் பின்னர் சந்தடியின்றிப் பாகிஸ்தானுக்குச் சென்றுவிடுகிறார். பூர்வீக ஹவேலி அண்ணனின் பெயரில் இருப்பதால் அது வெளியேறியோர் சொத்தாகக் கருதப்பட்டு அரசுப் பாதுகாவலரின் பொறுப்புக்குச் செல்கிறது.

இவ்விடத்தில் படம் சுட்டும் சட்ட நடைமுறை கவனத்திற்குரியது. பாகிஸ்தானுக்குச் சென்றோர் விட்டுச்சென்ற சொத்துகளைப் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் பொறுப்பில் கொண்டுவரும் அவசரச் சட்டங்கள் பிரிவினையைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்டன. பின்னர் அவை 1950 ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிர்வாகச் சட்டமாக உருப்பெற்றன. மறுபுறத்திலிருந்து வந்த அகதிகளின் மறுவாழ்வோடும் இச்சொத்துகள் பிணைந்திருந்தன. குடும்பச் சொத்து ஒரே உறுப்பினரின் பெயரில் பதிவாகியிருந்த வீடுகளில், அவர் வெளியேறியதும் தங்கியிருந்தோர் தம் சொந்த வீட்டிலேயே உரிமையற்றவர் ஆயினர். குடியுரிமை என்னும் பெரும்பொருளை ஒரு வீட்டின் பத்திரத்திலும் வங்கிக் கடன் மறுப்பிலும் வாடகை வீடு தேடும் அலைச்சலிலும் வைத்துக் காட்டுவதே இப்படத்தின் முறை. இந்த முறைக்கு ஏற்ற குழு எவ்வாறு அமைந்தது என்பதைக் காண்போம்.

குழுவின் வேர்: இந்திய மக்கள் நாடக மன்றம்

பொதுவாகத் திரைப்படக் குழு ஒரு படத்திற்காகக் கூடி, அது முடிந்ததும் கலைவது. ‘கரம் ஹவா’ குழுவின் மையப்பகுதி அவ்வாறு அமைந்ததன்று. 1943 ஆம் ஆண்டு பம்பாயில் அமைப்பாக உருப்பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா, அவர்களில் பலரை ஏற்கெனவே ஒன்றிணைத்திருந்தது. வங்கப் பஞ்சத்தை முன்வைத்து கே.ஏ. அப்பாஸ் இயக்கத்தில் இப்டா உருவாக்கிய ‘தர்த்தி கே லால்’ (1946) படத்தில் பல்ராஜ் சாஹ்னி நடித்திருந்தார். ஆகவே, நாடகக் கலைஞர்கள் கூடி அண்மைக்காலத் துயரம் ஒன்றைக் குறைந்த செலவில் திரையில் பதிவுசெய்யும் மரபு அவர்களுக்குப் புதிதன்று.

மைசூரில் 1930 ஆம் ஆண்டு பிறந்த சத்யூவும் மேடை வடிவமைப்பின் வழியே கலையுலகில் நிலைபெற்றவரே. சேத்தன் ஆனந்தின் ‘ஹகீகத்’ (1964) படத்திற்கு அவர் கலை இயக்குநராகப் பணியாற்றினார். அப்படத்திற்குப் பாடல்கள் எழுதியவர் கைஃபி ஆஸ்மி. அதன் முக்கிய நடிகர்களுள் ஒருவர் பல்ராஜ் சாஹ்னி. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ‘கரம் ஹவா’வில் இம்மூவரும் மீண்டும் இணைந்தனர். சத்யூவின் துணைவியாரும் திரைக்கதை ஆசிரியருமான ஷமா ஜைதி, தில்லியில் ‘ஹிந்துஸ்தானி தியேட்டர்’ என்னும் நாடக அமைப்பை உருவாக்கிய பேகம் குத்சியா ஜைதியின் மகள். சலீம் மிர்சாவின் மனைவியாக நடித்த ஷௌகத் ஆஸ்மி, கைஃபியின் துணைவியார் மட்டுமல்லர். இப்டாவிலும் பிருத்வி தியேட்டர்ஸிலும் பயின்ற தேர்ந்த மேடை நடிகை. இவ்வாறு நட்பும் குடும்பமும் அரசியல் சார்பும் ஒன்றோடொன்று பின்னிய வட்டமே படக்குழுவாக மாறியது.

கதையிலிருந்து திரைக்கதைக்கு

படத்தின் கரு உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதை ஒன்றிலிருந்து பெறப்பட்டது. பிரிவினைக் காலத்தில் தம் உறவினர் அடைந்த அல்லல்களே அக்கதைக்கு மூலம். மூலக்கதையின் நாயகர் ஓர் இரயில் நிலைய அதிகாரி. திரைக்கதையில் கைஃபி ஆஸ்மி அவரைக் காலணி உற்பத்தியாளராக மாற்றினார். கான்பூரில் காலணித் தொழிலாளரிடையே தொழிற்சங்கப் பணியாற்றிய கைஃபியின் பட்டறிவு இம்மாற்றத்திற்குக் காரணமாயிற்று.

இது வெறும் தொழில்மாற்றம் அன்று. அரசு ஊழியராக இருந்திருப்பின் நாயகரின் சிக்கல் பணியிட மாற்றம், விசுவாசம் பற்றிய ஐயம் என்னும் எல்லைக்குள் சுருங்கியிருக்கக் கூடும். காலணித் தொழில் ஆக்ராவின் அடையாளத் தொழில். முதலாளி, தொழிலாளி, வட்டிக்கடைக்காரர், வங்கி, கொள்முதல் செய்வோர் என நகரத்தின் முழுப் பொருளாதார வலையையும் அது கதைக்குள் கொணர்ந்தது. நாளை பாகிஸ்தானுக்குப் போய்விடுவார் என்னும் அனுமானத்தால் முஸ்லிம் தொழில்முனைவோருக்குக் கடன் மறுக்கப்படுவதைப் படம் காட்டுகிறது. மத வெறுப்பு வன்முறையாக வெடிக்கும் காட்சிகளைக் காட்டிலும், அது வணிக நடைமுறையாகப் படிந்துபோன நிலையை இவை ஆழமாக உணர்த்துகின்றன.

உரையாடல்களைக் கைஃபி எழுதினார். முழு உரையாடலும் செய்யுளில் அமைந்த ‘ஹீர் ராஞ்ஜா’வை (1970) அதற்குச் சற்று முன்னரே எழுதியிருந்த அவர், இதில் ஆக்ராவின் நடுத்தரக் குடும்பங்கள் பேசும் இயல்பான உருதுவைக் கையாண்டார். குதிரை வண்டிக்காரருக்கும் சலீம் மிர்சாவுக்கும் இடையே நிகழும் சிறுசிறு பேச்சுகள் ஊரின் மனநிலையை அளக்கும் கருவிகளாக அமைகின்றன. வீட்டின் உட்புற வாழ்வு, பெண்களின் இடம், சடங்குகள் முதலியவற்றில் ஷமா ஜைதியின் பங்களிப்பு புலப்படுகிறது. இதே நுண்ணுணர்வுடன் அவர் பின்னர் சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ஜ் கே கிலாடி’ (1977), ஷ்யாம் பெனகலின் படங்கள் ஆகியவற்றில் பணியாற்றினார்.

நிதியும் அதன் விளைவுகளும்

1960 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திரைப்பட நிதிக் கழகம், ‘புவன் ஷோம்’ (1969), ‘உஸ்கி ரோட்டி’ (1969) முதலிய படங்களின் வழியே புதிய அலைத் திரைப்படங்களுக்குத் துணைநின்ற அரசு நிறுவனமாகும். அது வழங்கியது மானியம் அன்று. திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். சத்யூ முதலில் அளித்த வேறொரு திரைக்கதை ஏற்கப்படாத நிலையில், ‘கரம் ஹவா’விற்கு 2.5 இலட்சம் ரூபாய் கிடைத்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாய். எஞ்சிய தொகை நண்பர்களிடமும் பிறரிடமும் கடனாகத் திரட்டப்பட்டது. ஒளிப்பதிவாளர் இஷான் ஆர்யாவும், நடிகர் அபு சிவானியும் இயக்குநருடன் தயாரிப்புப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். அபு சிவானி, சலீம் மிர்சாவின் மூத்த மகன் பாக்கராகவும் திரையில் தோன்றினார். ஒருவரே பல பொறுப்புகளை ஏற்பது இக்குழுவில் விதிவிலக்கன்று.

நடிகர்கள் பெற்ற ஊதியம் மிகக் குறைவு. அப்போது சட்டம் பயின்றுகொண்டிருந்த, நாடக ஈடுபாடுடைய இளைஞர் ஃபாரூக் ஷேக், இளைய மகன் சிக்கந்தராக இப்படத்தில்தான் அறிமுகமானார். அவருக்குப் பேசப்பட்ட தொகை 750 ரூபாய். படத்தின் முடிவில் தந்தையை ஊர்வலத்திற்குள் ஈர்க்கும் முக்கியப் பாத்திரத்திற்கு அறியப்படாத முகம் ஒன்று கிடைத்ததற்கும் இப்பணத்தட்டுப்பாடே ஒருவகையில் வழிவகுத்தது.

படப்பிடிப்புத் தளத்தில் ஒலியைப் பதிவுசெய்யும் கருவிகளை வாடகைக்கு எடுக்கவும் இயலவில்லை. நண்பர் ஒருவர் கொடுத்துதவிய ஒளிப்படக் கருவியைக் கொண்டு காட்சிகள் ஒலியின்றிப் படமாக்கப்பட்டன. உரையாடல்களும் பின்னணி ஓசைகளும் பின்னர் பம்பாயில் பதிவுசெய்யப்பட்டுக் காட்சிகளோடு பொருத்தப்பட்டன. இம்முறையில் நடிகர் தம் பாத்திரத்தை இருமுறை நடிக்க நேர்கிறது: முதலில் உடலால், பின்னர் குரலால். மேடையில் குரலை ஆளப் பழகிய நடிகர்கள் இருந்தமையால் இக்குறைபாடு படத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

நடிகர்களும் பிரிவினையும்

இப்படத்தின் நடிகர் தேர்வில் அரிய முரண் ஒன்று உள்ளது. ஆக்ராவை விட்டு நீங்க மறுக்கும் சலீம் மிர்சாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, 1913 ஆம் ஆண்டு ராவல்பிண்டியில் பிறந்தவர். பிரிவினையால் அவ்வூர் பாகிஸ்தானுக்கு உரியதாகி, அவருடைய குடும்பம் அதனை இழந்தது. 1962 இல் தாம் பிறந்த மண்ணுக்குச் சென்று திரும்பிய அவர், அப்பயணத்தை நூலாகவும் எழுதினார். ஊரை இழந்த பஞ்சாபி இந்து ஒருவர், ஊரை இழக்க மறுக்கும் முஸ்லிமாக நடிக்கிறார்.

ஹவேலியைப் பெறும் சிந்தி வணிகர் அஜ்மானியின் பாத்திரத்திலும் இதே நிலையைக் காணலாம். அதனை ஏற்ற ஏ.கே. ஹங்கல் சியால்கோட்டில் பிறந்து பெஷாவரில் வளர்ந்தவர். கராச்சியில் அரசியல் காரணங்களுக்காகச் சிறையிலிருந்தவர். 1949 இல் பம்பாய்க்கு இடம்பெயர்ந்தார். சலீம் மிர்சாவின் வீட்டைப் பெறும் அஜ்மானியைத் திரைக்கதை வில்லனாக்கவில்லை. அவரும் தம் வீட்டை இழந்து வந்தவரே. அவ்வகதியை உள்ளிருந்து அறிந்த நடிகர் ஏற்றதனால், வீட்டை இழந்தவரும் பெற்றவரும் ஒரே இழப்பின் இரு முனைகளில் நிற்பது பார்வையாளருக்கு விளங்குகிறது.

பல்ராஜ் சாஹ்னியின் நடிப்பு அடக்கத்திற்குப் பெயர்பெற்றது. காதலில் இருமுறை ஏமாற்றமுற்ற மகள் ஆமினா தன்னை மாய்த்துக்கொண்ட நிலையில் அவளைக் காணும் தந்தை கதறுவதில்லை, உறைந்து நிற்கிறார். அதற்குச் சிறிது காலம் முன்னரே தம் மகளை இழந்திருந்த நடிகர் ஏற்ற காட்சி அது. குரல் பதிவுப் பணியை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, அவர் காலமானார். நிறைவுற்ற படத்தை அவர் காணவில்லை.

ஆமினாவாக கீதா சித்தார்த்தும், அவளுடைய வாழ்வில் குறுக்கிடும் காசிம், ஷம்ஷாத் ஆகியோராக ஜமால் ஹாஷ்மியும் ஜலால் ஆகாவும், அண்ணன் ஹலீமாகத் தீனாநாத் ஜுட்ஷியும் நடித்தனர். ஆக்ராவின் இப்டா கலைஞர்கள் சிறு பாத்திரங்களை ஏற்றனர். ஆகவே, தெருவிலும் கடையிலும் தோன்றும் முகங்கள் அவ்வூருக்கே உரியவையாக அமைந்தன.

இரு பெண்கள், ஒரு பாத்திரம்

ஹவேலியை விட்டு வெளியேற மறுத்து ஒளிந்துகொள்ளும் முதிய தாயின் பாத்திரம் படத்தின் உயிர்நாடி. இதற்கு முதலில் கசல் பாடகி பேகம் அக்தர் அணுகப்பட்டார், அவர் இசையவில்லை. பின்னர் படப்பிடிப்பு நிகழ்ந்த ஆக்ராவிலேயே எழுபது வயதைக் கடந்த பதர் பேகம் கண்டறியப்பட்டார். இளமையில் திரைப்பட ஆசையுடன் பம்பாய் சென்று, அது கைகூடாமல் ஊர் திரும்பியவர் அவர் என்று கூறப்படுகிறது. கண்புரையால் அவருடைய பார்வை பெரிதும் மங்கியிருந்தது. அவருக்குக் குரல் கொடுத்தவர் நாடக நடிகை தீனா பாட்டக்.

மணப்பெண்ணாகத் தாம் வந்திறங்கிய வீட்டிலேயே உயிர்விட விரும்பும் தாயைப் பல்லக்கில் தூக்கிவரும் காட்சியில், பதர் பேகத்தின் முகச் சுருக்கங்களும் மங்கிய பார்வையும் ஒப்பனையால் ஆக்க இயலாத உண்மையைத் தருகின்றன. திரையில் ஒரே மூதாட்டியாகத் தோன்றுபவர், ஆக்ராவின் அறியப்படாத பெண் ஒருவரின் உடலும் பயிற்சி பெற்ற கலைஞரின் குரலும் இணைந்த உருவாக்கம். இக்குழுவின் கூட்டுழைப்புக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

ஆக்ராவில் படப்பிடிப்பு

அரங்க அமைப்புகளைத் தவிர்த்து ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி ஆகிய இடங்களிலேயே படம் எடுக்கப்பட்டது. பீப்பல் மண்டிப் பகுதியிலுள்ள பழைய ஹவேலி ஒன்று மிர்சா குடும்பத்தின் இல்லமாயிற்று. விளம்பரப் படங்களில் அனுபவம் பெற்றிருந்த இஷான் ஆர்யாவுக்கு இது முதல் கதைப்படம். முற்றம், மாடி, குறுகிய படிக்கட்டு என அவ்வீட்டின் அமைப்பையே அவர் காட்சியமைப்பாக்கினார். குடும்பம் சிறிய வாடகை வீட்டிற்குப் பெயர்ந்ததும் திரையில் வெளி சுருங்குவதைப் பார்வையாளர் உணர்கின்றனர். பின்னர் தெலுங்கில் பாப்புவின் ‘முத்யால முக்கு’ (1975) படத்திற்காக இவர் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றார்.

கதைப்பொருளை அறிந்த உள்ளூரார் சிலரின் எதிர்ப்பால் படப்பிடிப்பு இடர்ப்பட்டது. கூட்டத்தைத் திசைதிருப்ப, படச்சுருள் இல்லாத கருவியுடன் போலிக் குழு ஒன்று வேறிடத்திற்கு அனுப்பப்பட்டது. உண்மைக் குழு தன் பணியை வேறொரு தெருவில் நடத்தியது. பிரிவினை முடிந்த வரலாறாக அப்போதும் கருதப்படவில்லை என்பதற்கு இந்நிகழ்வே சான்று.

பின்னணி இசையை சரோத் கலைஞர் உஸ்தாத் பகதூர் கான் அமைத்தார். ஃபதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்தியின் தர்காவில் இடம்பெறும் கவ்வாலியை அஸீஸ் அஹமத் கான் வார்சி குழுவினர் பாடினர். வழக்கமான திரைப்பாடல்களுக்கு இடமளிக்காமல், அவ்வட்டாரத்தின் வழிபாட்டு மரபிலிருந்தே இசை பெறப்பட்டது.

தணிக்கையும் வெளியீடும்

மதப் பூசலைத் தூண்டக்கூடும் என்னும் அச்சத்தால் தணிக்கைச் சான்றிதழ் பல மாதங்கள் வழங்கப்படவில்லை. சத்யூ அரசியல் தலைவர்களுக்கும் இதழாளர்களுக்கும் படத்தைத் திரையிட்டுக் காட்டி ஆதரவு திரட்டினார். 1974 இல் படம் திரையரங்குகளை அடைந்தது. அதே ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் விருதுக்கும் அனுப்பப்பட்டது. பூசல் விளைவிக்கும் என அஞ்சப்பட்ட இதே படத்திற்குத்தான் தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது வழங்கப்பட்டது. கதை, திரைக்கதை, உரையாடல் ஆகிய மூன்றுக்கும் ஃபிலிம்ஃபேர் விருதுகள் கிடைத்தன. மீட்டுருவாக்கம் செய்யப்பட்ட படி 2014 நவம்பரில் மீண்டும் வெளியானது.

முடிவுரை

‘கரம் ஹவா’ படக்குழுவின் உழைப்பை ஆராயும்போது மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவதாக, நாடக இயக்கத்தில் முப்பது ஆண்டுகளாக உருவான தோழமையே நிறுவன முதலீட்டின் இடத்தை நிரப்பியது. இரண்டாவதாக, ஒலியற்ற படப்பிடிப்பு, புதுமுகங்கள், உண்மையான வீடு ஆகியவை வறுமையின் விளைவுகளாகத் தொடங்கிப் படத்தின் வலிமைகளாக முடிந்தன. மூன்றாவதாக, எல்லையின் அப்புறத்திலிருந்து வந்தவர்களும் இப்புறம் தங்கியவர்களும் ஒரே குழுவில் பணியாற்றியதால், பிரிவினை ஒரு சமயத்தாரின் துயரமாக மட்டும் குறுகவில்லை.

இரயில் நிலையத்திற்குப் புறப்பட்ட சலீம் மிர்சா, வேலை கேட்டுச் செல்லும் இளைஞர் ஊர்வலத்தைக் கண்டு வண்டியிலிருந்து இறங்கி அதில் கலந்துவிடுவதோடு படம் நிறைவுறுகிறது. இம்முடிவு மிகை நம்பிக்கையுடையது எனக் கருதுவோர் உண்டு. எனினும் அதனைக் கதைத்தீர்வாக மட்டும் காண்பது போதாது. தனித்து நிற்பதைக் காட்டிலும் சேர்ந்து நிற்பதே தங்குவதற்கான வழி என்று நம்பிய கலைஞர்கள் எடுத்த முடிவு அது. அந்நம்பிக்கையின்படியே அவர்கள் இப்படத்தையும் உருவாக்கினர். தமிழில் சுயாதீன வரலாற்றுப் படங்களை ஆராய முற்படுவோர், இயக்குநரின் பெயருக்கு அப்பால் துணைக் கலைஞர்களின் பங்களிப்பையும் ஆவணப்படுத்துவது அவசியம் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.